குளவி நிறுத்திய தண்ணீர்

கீரி ஒரு பழைய கார் வாங்கியது. அதற்கு ஒரு ஷெட்டும், கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் கான்கிரீட் பாதையும் போட்டுத்தரக் குளவி மேஸ்திரியை அமர்த்தியது. அன்றிலிருந்தே கீரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜல்லியை முகர்ந்து பார்த்தது. மணலை நாக்கில் வைத்துப் பார்த்தது.

பாதை போட்ட மறுநாள், குளவி அதன்மேல் சின்னச் சின்ன வரப்புகளாகக் கட்டித் தண்ணீர் நிறுத்தியது.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"பத்து நாள் தண்ணி நிக்கணும்ண்ணே. இல்லேன்னா வெடிச்சிரும்."

கீரி தலையாட்டியது. குளவி கிளம்பியதும் அதன் மனம் குறுகுறுத்தது. நல்ல வேலையை எவனாவது தண்ணீருக்கடியில் மறைப்பானா? வெடிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை மூடத்தான் இந்தத் தண்ணீர்!

வரப்பை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றியது. உச்சி வெயிலில் அங்குலம் அங்குலமாகத் தேடியது. ஒன்றும் சிக்கவில்லை. 'ஆள் பலே கெட்டிக்காரன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சாயங்காலம் வரப்பை ஒட்டவைத்துத் தண்ணீரை ஊற்றிவைத்தது. மறுநாளும் தேடியது. அதற்கு மறுநாளும்.

ஏழாம் நாள் மத்தியானம், முடியளவு மெல்லிசாக ஒரு வெடிப்பு தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அது கேட்டுவரைக்கும் ஓடிவிட்டது.

வந்து பார்த்த குளவி திகைத்து நின்றது. "தண்ணி நின்னுக்கிட்டுதானேண்ணே இருந்துச்சு?"

கீரிக்கு ஒரு வாரமாக இல்லாத சந்தோஷம். "எனக்கு முதல் நாளே தெரியும்யா" என்றது. அப்படியே ஷெட் பக்கம் திரும்பியது.

"அந்தத் தூணுக்கெல்லாம் எதுக்கு ஈரச் சாக்கு சுத்தி வச்சிருக்கே? முதல்ல அதை அவிழு, பார்க்கலாம்."