ஒன்பதாவது தடவை

"போயிருச்சாங்க மொதலாளி?"

புஷ்பவதி ஏழாவது தடவையாகக் கேட்டாள். நான் எட்டாவது தடவையாக 'அனுப்பு' என்பதை அமுக்கினேன்.

திரையில் நீலக் கோடு பாதி தூரம் போய் நின்றது. பிறகு வழக்கமான பதில்: பக்கத்தைக் காட்ட முடியவில்லை.

மணி மூன்று பத்து.

நாலு மணிக்குக் கொழும்பில் ஒரு பஸ் புறப்படும். வியாழக்கிழமை ஒரு லொட்ஜைச் சுற்றிவளைத்துப் பொலீஸ் பிடித்தவர்களில், யார் எவர் என்று உறுதியாகாதவர்களை அதில் ஏற்றித் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் மூன்று மாதத்தில் திரும்பினார்கள். சிலரைப் பற்றி இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தும் பேச்சில்லை.

பிடிபட்டவர்களில் ஒருவன் முத்துவீரன், புஷ்பவதியின் புருஷன். கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சுடுகிறவன். அவன் செய்த குற்றம், அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்று வருஷமாகக் காத்திருந்தது.

இவன் பலாபத்வலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று தோட்டத்து மேனேஜரான துரை கடிதம் கொடுத்தால் விடலாம் என்றிருக்கிறார் பொலீஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி. கடிதம் காலையிலேயே என் போன் கடையின் ஃபெக்ஸில் போனது. தோட்டத்தில் போன் இல்லாததால் கடிதத் தலைப்பிலும் என் கடை நம்பர்தான். துரையின் முத்திரை கரிக்கட்டை மாதிரி விழுந்திருக்கிறது, செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஊதா முத்திரை ஊதாவாகவே தெரியும்படி ஸ்கேன் செய்து, பொலீஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் என் கூட்டாளி சாலிஹுக்கு ஈமெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவன் கலரில் அடித்து எடுத்து, ரோட்டைக் கடந்து ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

புஷ்பவதிக்குக் கதிரை போட்டேன். உட்காரவில்லை. குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றாள்.

நாங்கள் பரம்பரையாக மிளகு வியாபாரம். கொழும்பில் புறக்கோட்டைச் சந்தைக்குச் சரக்கு போடுவதில் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு மூட்டை. சேர்ந்தது என்று சீட்டு வந்தால் அடுத்து இரண்டு. அதற்கும் சீட்டு வந்தால் நாலு. வராவிட்டால் வழியில் ஏதோ நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, சரக்கைப் பாதியாக்கிப் பொறுத்திருக்க வேண்டும். மூட்டைக்கு மூட்டை நம்பர் உண்டு. எந்த நம்பருக்குச் சீட்டு வரவில்லையோ அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.

கண்டியில் கொம்பியூட்டர் படித்தபோது, கம்பிக்குள்ளும் இதேதான் நடக்கிறது என்றார் மாஸ்டர். கடிதத்தைத் துண்டு துண்டாக்கி நம்பர் போட்டு அனுப்புமாம். துண்டுக்குத் துண்டு சீட்டு வருமாம். சீட்டு தாமதித்தால் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். எல்லோரும் முட்டி மோதினால் ஒருவர் சரக்கும் போய்ச் சேராதாம். இதைப் படிக்கவா பஸ் ஏறி வந்தேன் என்று சிரித்தேன்.

ஒரு சங்கடம் மட்டும் இரண்டு இடத்திலும் உண்டு. சீட்டு வராவிட்டால், தொலைந்தது மூட்டையா சீட்டா என்று அனுப்பியவனுக்குத் தெரியாது.

மெஷின் பொறுக்கும். என் விரல் பொறுக்கவில்லை. ஒன்பதாவது தடவை அமுக்கினேன்.

"நானா, ஒரே கடுதாசிய எத்தின தரம் அனுப்புவீங்க? லைன உடுங்களே. நானும் ஒரு புருஷனோடதான் பேசோணும்."

ஜெஸீமா. அண்ணன் முறை வைத்து என்னை நானா என்பாள். குவைத்துக்குப் பேச ஒரு மணி நேரமாக பெஞ்சில் காத்திருக்கிறாள். என் கடையில் இருப்பது ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட் ஓடினால் போன் ஊமை.

"ஒங்கட புருஷன் ஏசி ரூம்ல ஈக்கிறாரு. இவட ஆள் பஸ்ஸுல ஏறப்போறாரு."

அவள் புஷ்பவதியைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. ஆனால் நாக்கு இறங்கவில்லை.

"அப்ப ஒரு கோல் எடுத்துக் கேளுங்களே, அங்கால வந்திச்சா இல்லியா எண்டு. இதுக்கா கண்டிக்குப் போய்ப் படிச்சீங்க?"

லைனை வெட்டினால் போய்க்கொண்டிருப்பதும் பாதியில் வெட்டுப்படுமே என்ற பயம்தான் இவ்வளவு நேரமும். திரையைப் பார்த்தேன். நீலக் கோடு அசையவில்லை.

மணி மூன்றே முக்கால்.

மோடத்தின் வயரைப் பிடுங்கி டெலிபோனில் குத்தினேன். சாலிஹின் நம்பரைச் சுழற்ற ரிசீவருக்குக் கையை நீட்டினேன்.

கை படுமுன் மணி அடித்தது.

சிங்களக் குரல். ஓ.ஐ.சி.

கடிதம் இரண்டு மணிக்கே கையில் கிடைத்துவிட்டதாம். முதல் தடவை அனுப்பியதே. அதன் பிறகு எதிர்க்கடைக்காரன் அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நீட்டுகிறானாம். அங்கே ஒரு முத்துவீரனா, எட்டு முத்துவீரனா என்று கேட்டார். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு ஆளை விடலாம் என்று, கடிதத் தலைப்பில் இருக்கும் இந்த நம்பருக்கு ஐந்து தடவை எடுத்தாராம். ஐந்து தடவையும் எங்கேஜ்.

சீட்டு வருகிற வழியை ஒன்றே முக்கால் மணி நேரமாக நானேதான் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பஸ்ஸில் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்களாம்.

"தோட்டத்து ஆபீஸ்தானே இது? கையெழுத்து வைத்த துரையோடு பேச வேண்டும்."

துரை கையெழுத்து வைத்த கையோடு, நேற்று வெள்ளிக்கிழமையே நுவரெலியாவுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதான் திரும்புவார்.

ஜெஸீமாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். புஷ்பவதியின் குடை பாதி விரிந்தபடியே நின்றது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"ஸ்பீக்கிங்," என்றேன்.