வலப்பக்கப் படம்

“சொல்லாததைச் சொன்னேன்னு சாதிக்கிறா டாக்டர். ஏன்டின்னு கேட்டா அழுகை வேற!”

எலக்ட்ரீஷியன் பொரிந்து தள்ளினார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டர் சறுக்கி இருவரும் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. தலையில் லேசான அடிதான். அன்றைக்கே எடுத்த ஸ்கேனில் இருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை.

“வேற என்னங்க மாற்றம்?” என்று கேட்டார் மூளை டாக்டர்.

“வச்சது வச்ச இடத்துல இருக்காது. என் ஸ்க்ரூ டிரைவர் ஃப்ரிட்ஜுக்குள்ள கிடக்குது! போன வாரம் மெயினை அணைச்சிட்டுத்தான் ஸ்விட்ச் போர்டுல கை வச்சேன். நடுவுல இவ போய் மெயினைப் போட்டுட்டா. ஆளையே தூக்கி அடிச்சிடுச்சு. கேட்டா, தொடவே இல்லைன்னு சத்தியம் பண்றா. லேசான அடிதானே, நடிக்கிறாளோன்னுகூடத் தோணுது.”

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு மூளைப் படங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நீங்களும் வேண்டும் என்று மனைவி கெஞ்சியதால், எலக்ட்ரீஷியனும் முந்தின நாள் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்து எழுந்திருந்தார்.

“சாதாரண ஸ்கேன் மூளையோட அமைப்பை மட்டும்தான் காட்டும். இது மூளை வேலை செய்யறதையே காட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் கொடுத்தோம். எண்களைப் பார்த்து ஞாபகம் வச்சுக்கணும்.”

இடப்பக்கப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வெளிச்சப் புள்ளிகள். வலப்பக்கப் படமோ, ஊருக்கே ஒரே நேரத்தில் கரண்ட் வந்ததுபோலத் தகதகத்தது.

எலக்ட்ரீஷியன் எழுந்து நின்றுவிட்டார். “அம்மாடி! இதுல ஏன் இவ்வளவு வெளிச்சம்?”

“அடிபட்ட மூளை. வழக்கமான வழியில வேலை சரியா ஓடலை. அதனால அக்கம்பக்கத்தையெல்லாம் துணைக்குக் கூப்பிடுது. இத்தனை பாடுபட்டு விடையைச் சரியாவே சொல்லியிருக்கு. ஆனா சீக்கிரம் களைச்சுப் போயிடும். மறதி வரும், கோபம் வரும்.”

எலக்ட்ரீஷியனுக்குப் புல்லரித்தது. ஒரு வயர் போனால் அந்த அறையே இருண்டுவிடும். இத்தனை வருஷமாக அவர் கண்டது அதுதான். இங்கேயோ, யாரும் ஏணி போட்டு ஏறாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கைக்குள் அடங்குகிற சதை தனக்குத் தானே புது லைன் இழுத்துக்கொண்டு விடிய விடிய உழைக்கிறது!

“இந்தப் பாடு படுற மூளையையா நடிக்குதுன்னு சொன்னேன்?” மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். “வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்மா. மனசுல வச்சுக்காதே. டாக்டர், இது சரியாகுமா?”

“மத்த பரிசோதனைகளும் இதையேதான் சொல்லுது. ஓய்வும் பயிற்சியும் இருந்தா நல்லாவே தேறலாம்.”

“அப்போ இனி இவளை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விட மாட்டேன்!”

டாக்டர் தயங்கி மனைவியைப் பார்த்தார். அவள் கணவனின் கையை விடாமல், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இடப்பக்கம் இருக்கே, அதுதாங்க என் படம். உங்களுக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”