முடியளவு ஆட்டம்

வரப்புத் தகராறில் தம்பியைச் சுட்டே தீருவதென்று வீட்டிலேயே துப்பாக்கி செய்யத் துணிந்துவிட்டார் லேத் வேலைக்காரர் வெள்ளிங்கிரி. துளை போடும் மெஷின் வாங்கப் போனபோது மனைவி பூவாத்தாளும் கூடவே போனாள்.

கடையில் வரிசையாக நான்கு மெஷின்களின் ஸ்பிண்டிலையும், அதாவது துளைக்கம்பியைச் சுழற்றும் தண்டையும், பிடித்து அசைத்துப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாமே முடியளவு ஆடுதுங்க."

"அந்த ஆட்டத்துல என்னங்க வந்துரப்போகுது?" என்று சிரித்தார் கடைக்காரர்.

வெள்ளிங்கிரி மனைவியின் பக்கம் குனிந்தார். "துளை கோணிருமடி. குண்டு தப்பிப் போயி பாப்பா மேல பட்டுச்சுன்னா?"

பாப்பா, தம்பியின் மகள். பூவாத்தாளுக்கு மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"அது எந்நேரமும் அவங்கப்பன் மேலதானுங்க தொத்திக்கிட்டுக் கெடக்குது" என்றாள்.

அவர் ஐந்தாவது மெஷினைத் தொடாமல், கையிலிருந்த கிரீஸை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.