மாங்கன் படம் பார்த்த கதை

கரடி வேம்பனுக்குப் பார்வை இல்லை. விரல் படும் இடத்தை வாசித்துச் சொல்லும் கைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு மரத்தடியில் சுகமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மாங்கன் என்ற குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு உச்சிக் கிளைக்குத் தாவிவிட்டது.

"கண்ணு தெரியாத உனக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய திரை? நான் படம் பார்க்கப் போறேன்!"

குரங்கு திரையைத் தொட்டது. "படங்கள்" என்றது கைபேசி. ஆனால் எதுவும் திறக்கவில்லை. குரங்கு ஓங்கிக் குத்தியது. "படங்கள்." நக்கிக்கூடப் பார்த்தது. "படங்கள்" என்றது கைபேசி, கொஞ்சமும் அலுக்காமல்.

கீழே கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சிரிக்காதே! இது கெட்டுப்போன சாமான்!"

"ஒரு தடவை தொட்டா பேர் சொல்லும். ரெண்டு தடவை சேர்த்துத் தட்டினாத்தான் திறக்கும்."

"அவ்வளவுதானா, அண்ணே?" குரங்குக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

"பொறு, அதுல நல்ல படம் இல்லை. விரலை ஒரு தரம் வலப்பக்கமாத் தள்ளு."

குரங்கு தள்ளியது. "செங்கமலம்" என்றது கைபேசி.

படத்தின் பெயரே அழகாக இருக்கிறதே என்று குரங்கு இரண்டு தட்டு தட்டியது.

"என்னங்க?" என்று கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் கரடி உறுமியது.

"செங்கமலம்!" என்று கீழிருந்து கத்தியது வேம்பன். "என் போனை இந்த மாங்கன் பிடுங்கிட்டான்!"

"எவன் அவன்?"

குரங்கு திரை முழுக்கப் படபடவென்று அடித்தது. உறுமல் நிற்கவில்லை.

"அண்ணே, அண்ணே, இதை எப்படி நிறுத்துறது?"

"நிறுத்தி என்ன பண்ணப் போறே? அவ பக்கத்து மரத்துலதான் தேன் எடுத்துக்கிட்டிருக்கா. கொஞ்சம் திரும்பிப் பாரேன்."