நேரே வரக் கூடாது

ஒஸ்லோவில் கப்பல் காப்புறுதிக்கான மொத்தத் தரகு நிறுவனம் ஒன்றின் தலைவி ஹம்சத்வனி. அவளுடைய அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கையில் நீள உறையோடு குடும்ப நண்பர் சண்முகலிங்கம் உள்ளே வந்தார்.

"பிள்ளை, ஒரு புரப்போசல் கொண்டு வந்தனான்."

"அங்கிள், இஞ்சை ஆரும் நேரே வரேலாது. வேறை புரோக்கர்மார்தான் எங்களிட்டைக் கொண்டு வருவினம்."

"தெரியும், தெரியும். புரோக்கரும் வந்திருக்கிறா. வெளியிலை நிக்கிறா."

விதி மீறப்படவில்லை என்ற திருப்தியில் அவள் காப்புறுதிப் புரப்போசல் படிவத்தை எடுத்தாள்.

"எத்தனை வருசம்?"

"முப்பத்து நாலு."

"இப்ப எங்கை?"

"ஸ்தவாங்கர். எண்ணெய்க் கொம்பனி."

'எண்ணெய்க் கப்பல்' என்று எழுதினாள்.

"முந்தி ஆரும் வேண்டாமெண்டவையோ?"

"நாலு பேர்." சண்முகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "மேலை கொஞ்சம் கொட்டிட்டுது. மற்றபடி ஒரு குறையுமில்லை."

'பெயின்ட் உதிர்ந்துள்ளது' என்று எழுதினாள்.

"படம் இருக்கோ?"

அவர் உறையைப் பிரித்தார். முதலில் ஒரு சாதகக் குறிப்பு வந்தது. அடுத்து வந்த படத்தில் கோட் சூட் போட்ட ஒருவர், வழுக்கைத் தலை பளபளக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை மகன் சேந்தன்."

ஹம்சத்வனி எழுந்தேவிட்டாள்.

"ஆர் அங்கிள் அந்தப் புரோக்கர்? உடனை உள்ளை கூப்பிடுங்கோ!"

கதவு திறந்தது. அவளுடைய அம்மா யோகாம்பாள் தலையை நீட்டினார்.

"ஏன் பிள்ளை கத்துறாய்? புரோக்கர் இல்லாமல் ஆரும் உன்னட்டை வரேலாதெண்டு நீதானே ஒவ்வொரு நாளும் வீட்டிலை சொல்லுறனீ?"