திருநாவுக்கரசுக்கு எங்கே வலி

“வலி எங்க இருக்கு அங்கிள்?” என்று சுகுமாறன் கேட்டதும், திருநாவுக்கரசு ஒரு நொடி யோசித்துவிட்டு வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து தொடை வரைக்கும் இழுக்கிறதாம்.

சுகுமாறன் கடைசி வருஷ மருத்துவ மாணவன். தீராத நோய்க்காரர்களின் வலியைத் தணிக்கும் வைத்தியம் அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தான், டாக்டர் ரதி அவனைச் சுவா ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்ட வீட்டுக்கு இழுத்து வந்திருந்தார். போன தடவை இந்தத் தேர்வைக் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் கூட்டாளிகள் எல்லாம் டாக்டராகிவிடுவார்கள், இவன் மட்டும் மறுபடி மாணவன்.

பயல் பாடத்தை உருப்போட்டு வந்திருந்தான். குத்துகிறதா எரிகிறதா, தூக்கம் உண்டா, மலச்சிக்கல் உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டான். டாக்டர் ரதி மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திருநாவுக்கரசும் சளைக்கவில்லை. விடியற்காலையில்தான் வலி உயிரை வாங்குமாம். இடது பக்கம் ஒருக்களித்தால் கொஞ்சம் அடங்குமாம். நோயாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சுகுமாறனுக்கு ஒரே குஷி.

நடுவில் அவரே தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், எல்லாருக்கும் காப்பி கலக்கி வந்தார். அவர் மனைவி, பஞ்சாலை என்று பெயர், வெளிவாசல் ஸ்டூலில் உட்கார்ந்தவள் அசையவே இல்லை. நோயாளி காப்பி போடுகிறார், இந்த அம்மா மகாராணி மாதிரி காற்று வாங்குகிறாளே என்று பையனுக்கு எரிச்சல்.

அவன் குரலைத் தாழ்த்தினான். அடுத்த கேள்விக்குத் தனி மார்க் உண்டு.

“ஆன்ட்டிக்கு விஷயம் தெரியுமா?”

திருநாவுக்கரசுக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரியக்கூடாது தம்பி. வாய்வுப் பிடிப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். கேன்சருன்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிருவா லா.”

சுகுமாறன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கும் மார்க் உண்டு, ஆனாலும் மார்க்கை மறந்து கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தான். மார்ஃபின் மருந்து என்றதும் பயப்பட வேண்டாம், முறையாகக் குடித்தால் அடிமையாகிவிட மாட்டீர்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னான்.

திருநாவுக்கரசு அதையெல்லாம் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. மைலோ பானத்தில் கலந்தால் கசப்பு தெரியாதல்லவா என்று ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த வயதில் மருந்துக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று சுகுமாறன் சிரித்துக்கொண்டான். டாக்டர் ரதி சிரிக்கவில்லை, பையிலிருந்த மருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கார் பக்கம் வந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான் சுகுமாறன்.

“கேள்வி எல்லாம் பிரமாதம்” என்றார் டாக்டர் ரதி. “ஆனா ஃபெயில்.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேனே, எதில் குறை என்று மென்று விழுங்கிக் கேட்டான். டாக்டர் ரதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பஞ்சாலை வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அவர்களிடம் வந்து சேர்ந்தாள்.

உள்ளே திருநாவுக்கரசு கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது. அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வலது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“அந்த மருந்த நான் சாப்பாட்டுக்கு முன்ன குடிக்கணுமா தம்பி, பின்னயா?” என்றாள். சுகுமாறன் டாக்டரைப் பார்த்தான். டாக்டரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு விஷயம் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிறாதீங்க.”