மூன்றாவது குரல்

திருத்தணி ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்ட குழந்தைகள் திரைக்குப் பின்னால் ஒன்றாக வீறிட்டன. வெளியே காத்திருந்த கன்னியம்மாள் துள்ளி எழுந்தாள்.

"நர்சம்மா, என் பாப்பா அழுதுகினு இருக்கா!"

"இத்தினி சத்தத்துல எப்டிம்மா தெரியும்?"

"தெரியுதுங்க! பால் சுரந்து ரவிக்கையே நனைஞ்சுடுச்சு!"

உள்ளே ஓடியவள் நேராக மூன்றாவது குழந்தையை அள்ளினாள். மார்பில் அணைத்ததும் அழுகை நின்றது.

"பெத்தவளாச்சே, ஏமாறுவியா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"பெத்தது எங்க அக்காங்க. பிரசவத்துலயே போயிட்டா."

நர்ஸ் திகைத்தாள். ஊசி போட்டு முடித்திருந்த டாக்டரம்மா பூரித்துப்போய்ச் சொன்னார்:

"இவ பிள்ளையே பெத்ததில்ல. மூணு மாசமா விடாம மார்ல போட்டுப் போட்டே பால் வரவெச்சா. குழந்தை சப்பச் சப்ப மூளையில ஒரு ஹார்மோன் சுரக்கும். பாலை இறக்குறதும் அதுதான், குழந்தையை மனசுல பதிய வைக்கிறதும் அதுதான். அப்புறம் அதோட அழுகுரல் கேட்டாலே பால் இறங்கிடும்."

நர்ஸ் தடுப்பூசி அட்டையை எடுத்து, காலியாக இருந்த 'தாயின் பெயர்' என்ற இடத்தில் கன்னியம்மாள் என்று எழுதினாள்.